உடலெனும் ஊர்: உறவும் குருதியும்



சென்ற திங்கள் இப்பகுதியில் இதயத்தின் இயக்கத்தைப் பற்றி எழுதியிருந்தோம். அதனைப் படித்த அல்சூர் அன்பர் ஒருவர் கடிதவாயிலாக ஒரு வினா விடுத்துள்ளார். "இதயம் ஓயாது குருதியைச் செலுத்துகிறது என்று எழுதினீர்கள், நன்று. அக்குருதி குறைந்துபோனால் நமக்கு யார் தருவார்? ஊரில் இருந்தால் அண்ணன் தம்பி, மாமன் மைத்துனன் என்று பத்துப் பேர் ஓடி வருவர். பிழைப்பை நாடிப் பெங்களூருக்கு வந்துவிட்ட நமக்கு இங்கே இரத்த உறவு என்று சொல்லிக்கொள்ள எவர் உளர்?" என்பது அவர் வினா.

இது ஒருவருடைய கவலையன்று. ஸ்ரீராமபுரத்திலும் சிவாஜி நகரிலும் பிற பகுதிகளிலும் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றின் உள்ளத்திலும் இருக்கும் கவலையே. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆகவே, ஆபத்து வேளையில் சொந்தக் குருதியே சொந்தத்திற்குப் பொருந்தும் என்று எண்ணுவது இயல்பு. ஆயினும் குருதி அவ்வழக்கத்திற்குக் கட்டுப்பட்டதா? எது பொருந்தும், எது பொருந்தாது என்பதை உடல் எவ்வாறு அறிகிறது? இத்திங்கள் அதனையே சிறிது ஆராய்வோம்.

கோலாரில் எழுந்த புதிர்

பெங்களூருக்குக் கிழக்கே உள்ளது கோலார் மாவட்டம். தங்கவயலை நம்மவர்க்கு அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. 2001ஆம் ஆண்டில் சுரங்கம் மூடப்பட்ட பின்னர், அங்குள்ள தமிழ்க் குடும்பத்தினர் பலர் மாரிக்குப்பத்திலிருந்து பங்காருப்பேட்டை வழியாக வரும் வண்டிகளில் நாள்தோறும் இந்நகருக்கு வேலைக்கு வந்து திரும்புவதை இரயில்வே ஊழியன் என்ற முறையில் நான் கண்டு வருகிறேன்.

அக்கோலார்ப் பகுதியைச் சேர்ந்த பெண்மணி ஒருவர் இதய அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவர் குருதி ஓ பாசிட்டிவ் வகை. தென்னாட்டில் எளிதிற் கிடைக்கும் வகை அதுவே. ஆகவே மருத்துவர்கள் அவ்வகைக் குருதியை எடுத்துப் பொருத்தம் பார்த்தனர், பொருந்தவில்லை. வேறொரு பையை எடுத்தனர், அதுவும் பொருந்தவில்லை. பின்னர் அவர் குருதி பெங்களூரிலுள்ள ரோட்டரி டி.டி.கே. குருதி மையத்தின் ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பப்பட்டது. அங்குச் சோதனைக்கென வைத்திருந்த எல்லாக் குருதி மாதிரிகளோடும் அவருடைய குருதிநீர் பகை கொண்டது.

அடுத்து நம்மில் எவரும் செய்யக்கூடியதையே அவர்களும் செய்தனர், உறவினரை அழைத்தனர். குடும்பத்தார் இருபதின்மர் குருதி கொடுத்தனர். இருபதில் ஒன்றேனும் பொருந்தவில்லை! முடிவில், குருதி சிந்தும் அளவை இயன்ற மட்டும் குறைக்கத் திட்டமிட்டு, பிறர் குருதியில் ஒரு துளியும் ஏற்றாமலே மருத்துவர்கள் அறுவையை நன்கு முடித்தனர். அப்பெண்மணியின் குருதியும் குடும்பத்தாரின் குருதியும் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரிலுள்ள உலகக் குருதிவகை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பப்பெற்றன. பத்துத் திங்கள் ஆய்வு நடந்தது.

உடன்பிறந்தாரும் உற்றாரும் கொடுத்த குருதி ஏன் பொருந்தவில்லை? இதனை உணர வேண்டுமாயின், குருதியில் என்ன இருக்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

குருதிநீரில் இருப்பவை

வளர்ந்த மனிதர் ஒருவர் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் குருதி உண்டு. உறையாதபடி மருந்து சேர்த்த குருதியை ஒரு கண்ணாடிக் குழாயில் ஊற்றி அசையாமல் வைத்தால், சிறிது நேரத்தில் அது இரண்டாகப் பிரியும். அடியிலே செந்நிறமாகப் படிவன அணுக்கள். மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்து நிற்பது பிளாஸ்மா எனப்படும் குருதிநீர். அளவிற் பெரியது இக்குருதிநீரே. நூற்றுக்கு 55 பங்கு அது.

அக்குருதிநீரில் பத்தில் ஒன்பது பங்குக்குச் சற்று மிகுதியாக இருப்பது வெறும் தண்ணீர். எஞ்சிய சிறு பங்கிலேதான் உயிரின் பெருங்காரியங்கள் யாவும் அடங்கியிருக்கின்றன. ஒவ்வொரு 100 மில்லி லிட்டர் குருதிநீரிலும் 6 முதல் 8 கிராம் வரை புரதங்கள் கரைந்துள்ளன. அவற்றுள் தலையாயது ஆல்புமின். கல்லீரல் இதனை ஆக்குகிறது. குழாய்களுக்குள் நீரைப் பிடித்து நிறுத்துவது இதன் முதற்கடமை. ஆல்புமின் மிகக் குறைந்தால் நீர் குழாயை விட்டுக் கசிந்து காலும் முகமும் வீங்கும். கொழுப்பு அமிலங்களையும் மருந்துகள் பலவற்றையும் சுமந்து செல்வதும் இதுவே.

இரண்டாவது வகை குளோபுலின்கள். இவற்றுட் சில இரும்பு, கொழுப்பு முதலியவற்றைச் சுமக்கும் கூலிகள். சில எதிர்ப்பொருள்கள் எனப்படும் காவலர்கள். மூன்றாவது ஃபைப்ரினோஜென். அளவிற் சிறிதாயினும், காயம் பட்ட இடத்தில் நூல் நூலாகத் திரிந்து வலைபின்னிக் குருதியை உறையச் செய்வது இதுதான். இவற்றோடு சோடியம், குளோரைடு, பொட்டாசியம், கால்சியம், பைகார்பனேட்டு ஆகிய உப்புக்கூறுகளும், உண்ட உணவிலிருந்து வந்த சர்க்கரையும் கொழுப்பும், சுரப்பிகள் அனுப்பும் ஹார்மோன்களும், சிறுநீரகத்திற்குக் கொண்டுபோகும் கழிவான யூரியாவும் அதே நீரில் ஒன்றாகப் பயணம் செய்கின்றன. சரக்கு வண்டியிலே அரிசி மூட்டையும் மருந்துப் பெட்டியும் பழைய இரும்பும் ஒருங்கே போவதில்லையா? அதுபோலத்தான்.

இந்நீரின் உப்பு ஓர் அளவில் நின்றாக வேண்டும். செவ்வணுக்களை வெறும் தண்ணீரில் இட்டால், ஊறவைத்த உலர்திராட்சை போல் நீரை உறிஞ்சி உப்பி வெடித்துவிடும். மிகுந்த உப்பு நீரில் இட்டால் உப்பிலிட்ட மாவடுவைப் போல் சுருங்கிவிடும். மருத்துவமனையில் ஏற்றும் சலைன் நீரில் 100 மில்லி லிட்டருக்கு 0.9 கிராம் உப்பு என்று அளந்து வைத்திருப்பதன் காரணம் இதுவே.

மெல்லிய சுவர்

உப்புவதும் சுருங்குவதும் வெடிப்பதும் எதனால்? ஒவ்வோர் அணுவையும் ஒரு மெல்லிய படலம் பொதிந்திருப்பதால் அன்றோ? சவ்வு என்று பாடநூல்கள் சொல்லும் அப்படலத்தின் தடிப்பு, ஒரு மில்லி மீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அவற்றில் ஏறத்தாழ எட்டுக் கூறு மட்டுமே. அதனைக் கண்ணாற் காண இயலாத காலத்திலேயே அதன் அமைப்பைக் கணக்கிட்டுச் சொன்னவர் இருவர். 1925ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டு லைடன் நகரில் கோர்ட்டர், கிரெண்டல் என்ற அவ்விருவரும் செவ்வணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுத்து நீர்ப்பரப்பின்மேல் ஒற்றை அடுக்காகப் பரப்பி அளந்தனர். அது அவ்வணுக்களின் மேற்பரப்பைப்போல் இரு மடங்கு இருந்தது. ஆகவே அணுவைச் சுற்றியுள்ள கொழுப்பு இரண்டு அடுக்காக இருத்தல் வேண்டும் என்று முடிவு கட்டினர். செவ்வணுவுக்குள் உட்கருவோ வேறு உட்படலங்களோ கிடையா. எடுத்த கொழுப்பு முழுவதும் வெளிச்சுவருக்கே உரியது என்று துணிந்து சொல்ல அதுவே இடமளித்தது.

இரண்டு அடுக்கு எவ்வாறு நிற்கிறது? அக்கொழுப்பின் ஒவ்வொரு துகளுக்கும் நீரை விரும்பும் தலை ஒன்றும் நீரை வெறுக்கும் வால்கள் இரண்டும் உண்டு. அணுவின் வெளியே குருதிநீர்; உள்ளேயும் நீர். ஆகவே ஓர் அடுக்குத் தலையை வெளிப்புறமும் மற்றோர் அடுக்குத் தலையை உட்புறமும் நீட்டி, வால்களையெல்லாம் நடுவிலே மறைத்துக்கொள்கின்றன. இடையிடையே கொலஸ்டிரால் செருகி நின்று சுவருக்கு உரம் தருகிறது. நாம் அஞ்சும் கொலஸ்டிரால் இல்லாவிடில் இச்சுவர் இல்லை என்பதை ஈண்டு நினைவிற் கொள்க.

கொழுப்பு மட்டுமா? செவ்வணுப் படலத்தின் எடையில் பாதியளவு புரதம். 1972ஆம் ஆண்டில் சிங்கர், நிக்கல்சன் என்னும் அமெரிக்க அறிஞர்கள், கொழுப்பு என்னும் குளத்தில் புரதங்கள் தெப்பங்களைப் போல் மிதக்கின்றன என்று விளக்கினர். அவற்றுட் சில புரதங்கள் வாயில்கள், சில எக்கிகள். மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் எக்கி ஒன்று ஓயாது வேலை செய்கிறது. குருதிநீரில் சோடியம் மிகுந்தும் அணுவுக்குள் பொட்டாசியம் மிகுந்தும் இருப்பது அதனாலேயே. குருதிப்பையைக் குளிரில் வைக்கும்போது இவ்வெக்கி சோர்ந்து, பொட்டாசியம் மெல்ல மெல்ல வெளியே கசிகிறது. எந்தப் பையும் கெடு நாளுக்குப் பின் பயன்படாது என்று ஒதுக்குவதற்குரிய காரணங்களுள் இஃதொன்று.

இப்படலத்தின் அடியில் வலை போன்ற புரதச் சட்டம் தாங்கி நிற்கிறது. அதனாற்றான் தன்னினும் குறுகிய நுண்குழாய்களில் வளைந்தும் நெளிந்தும் புகுந்து, 120 நாள் வரை செவ்வணு கிழியாமல் ஓட முடிகிறது.

சுவரின்மேல் உள்ள குறிகள்

இனி நம் வினாவுக்கு அண்மையில் வந்துவிட்டோம். படலத்தின் வெளிப்புறத்தில் சர்க்கரைத் துகள்களாலும் புரதங்களாலும் ஆன குறிகள் பல உள்ளன. ஆண்டிஜென் என்று மருத்துவர் வழங்குவது இவற்றையே. பார்சல் ஒவ்வொன்றின் மேலும் சீட்டு ஒட்டியிருப்பது போல, ஒவ்வொரு செவ்வணுவும் தன் அடையாளத்தை மேலே தாங்கியிருக்கிறது. குருதிநீரிலுள்ள எதிர்ப்பொருள்கள் அச்சீட்டைப் படித்துப் பார்க்கும் பரிசோதகர்கள்.

இதனை முதலிற் கண்டவர் வியன்னா நகரத்துக் கார்ல் லாண்டுஸ்டைனர். அவர் தம் குருதியையும் உடன் பணியாற்றியவர் குருதியையும் எடுத்து, ஒருவர் அணுவை மற்றொருவர் நீரோடு கலந்து பார்த்தார். சிலரிடையே அணுக்கள் திரண்டு கட்டியாயின, சிலரிடையே ஆகவில்லை. 1901ஆம் ஆண்டில் மூன்று வகைகளை அவர் வெளியிட்டார். மறு ஆண்டில் அவர் வழிவந்தோர் நான்காவதான ஏபி வகையைச் சேர்த்தனர். 1930ஆம் ஆண்டில் லாண்டுஸ்டைனருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த ஜூன் 14ஆம் நாளே உலகக் குருதிக் கொடையாளர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

ஏ வகையினரின் செவ்வணுவில் ஏ என்னும் குறி உண்டு. அவர் குருதிநீரில் பி குறியைப் பகைக்கும் எதிர்ப்பொருள் உண்டு. பி வகையினரிடம் இது மாறி நிற்கும். ஏபி வகையினரிடம் இரு குறியும் உண்டு; பகைப்பொருள் இரண்டும் இல்லை. ஓ வகையினரிடம் குறி இரண்டும் இல்லை. பகைப்பொருள் இரண்டும் உண்டு. ஏ குறிக்கும் பி குறிக்கும் உள்ள வேற்றுமை யாது? முனையில் ஒட்டியிருக்கும் ஒரே ஒரு சர்க்கரைத் துகள்! அந்த ஒரு துகள் மாறினால் ஓர் உயிர் போகக்கூடும்.

இங்கே நம் வீடுகளில் பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. ஓ வகையினர், குறிப்பாக ஓ நெகட்டிவ் வகையினர், எவர்க்கும் குருதி தரலாம் என்பர். அது செவ்வணுவுக்கே பொருந்தும். குருதிநீரைத் தருவதாயின் முறை தலைகீழாகிவிடும். பகைப்பொருள் இல்லாத ஏபி வகையினர் நீரே எவர்க்கும் ஆகும். ஓ வகையினர் நீர் ஓ வகையினர்க்கே ஆகும். "என் குருதி ஏபி, எவருக்கும் பயன்படாது" என்று ஒதுங்கி நிற்கும் அன்பர்கள் இதனை அறிதல் நலம்.

பம்பாய் வகை

ஏ, பி, ஓ என்ற நால்வகையும், 1940ஆம் ஆண்டில் தெரியவந்த ஆர்எச் குறியும் போதும் என்று எண்ணத் தோன்றும். அவ்வெண்ணத்தை அசைத்தது நம் நாட்டு நிகழ்ச்சியே. பம்பாயில் இரயில் விபத்தில் காயமுற்ற ஒருவருக்கும் கத்திக்குத்துப் பட்ட ஒருவருக்கும் குருதி தேவைப்பட்டது. சோதனையில் ஓ வகை போல் தோன்றியும் ஓ வகைக் குருதி அவர்களுக்கு ஆகவில்லை. டாக்டர் ஒய். எம். பெண்டேயும் உடனிருந்தோரும் ஆராய்ந்து, 1952ஆம் ஆண்டில் லான்செட் என்னும் மருத்துவ இதழில் புதிய வகையை அறிவித்தனர். ஓ வகையினர்க்கும் உண்டான எச் என்னும் அடிப்படைக் குறியே அவர்களிடம் இல்லை. எனவே அவர்கள் குருதிநீர் அக்குறியுள்ள எல்லார் அணுவையும் பகைத்தது. இதற்குப் பம்பாய் வகை என்று பெயர் நிலைத்தது. இவ்வகையினர்க்கு இவ்வகையினரே கொடுக்க இயலும்.

தாய் தந்தை இருவரிடமிருந்தும் இக்குறைவு வந்து சேர்ந்தால் மட்டுமே பிள்ளைக்குப் பம்பாய் வகை அமையும். அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணக்கும் வழக்கமுள்ள குடும்பங்களில் இவ்வாய்ப்பு ஓரளவு மிகும். நம் பெங்களூரில் சங்கல்ப் இந்தியா அறக்கட்டளை பம்பாய் வகையினரைத் தேடிப் பட்டியலிட்டு, தேவைப்படுவோரோடு இணைத்து வைக்கும் தொண்டினைச் செய்து வருகிறது.

புதிர் அவிழ்ந்தது

கோலார்ப் பெண்மணி பம்பாய் வகையும் அல்லர். பிரிஸ்டல் ஆய்வுக்கூடத்தார் கண்டது, குரோமர் என்னும் குருதி வகுப்பைச் சேர்ந்த, அதுவரை உலகம் அறியாத ஒரு குறி. ஏறக்குறைய மக்கள் எல்லாரிடமும் உள்ள அக்குறி அவரிடம் இல்லை. இல்லாத குறியைப் பிறர் அணுவிற் காணும்போது அவர் குருதிநீர் அதனை அயல் என்று பகைக்கிறது. குடும்பத்தார் இருபதின்மரிடமும் அக்குறி இருந்தமையால் அவர்தம் குருதியும் பொருந்தவில்லை. 2025 ஜூன் திங்களில் இத்தாலி நாட்டு மிலான் நகரில் நடந்த குருதி மருத்துவப் பேரவையில் இச்செய்தி உலகுக்கு அறிவிக்கப்பட்டது. குரோமர், இந்தியா, பெங்களூர் என்ற மூன்று பெயரின் எழுத்துகளையும் சேர்த்து அதற்குக் கிரிப் என்று பெயரிட்டனர். உலகக் குருதிவகை நூலில் நம் நகரின் பெயர் இவ்வாறு ஏறியது.

குரோமர்க் குறிகளைத் தாங்கும் புரதம் வெறும் சீட்டன்று. அது ஒரு காவலன். குருதிநீரில் காம்ப்ளிமென்ட் எனப்படும் துணைப்புரதங்கள் உலவுகின்றன. கிருமியின்மேல் படிந்து, ஒன்றையொன்று முடுக்கி, முடிவில் அதன் படலத்தைத் துளைத்து அழிப்பது இவற்றின் தொழில். ஆனால் இவை கிருமியின்மேல் மட்டும் படிவதில்லை. நம் செவ்வணுக்களின் மேலும் சிறிது படியும். அவ்வாறு படிந்து கூட்டுச் சேரும்போதே அக்கூட்டைக் கலைத்து, "இது நம் வீடு, விட்டுச் செல்" என்று சொல்வதுபோல் தடுப்பது இந்தக் காவற்புரதம். இதனையும் இதற்குத் துணையான இன்னொரு காவற்புரதத்தையும் படலத்தோடு பிணைக்கும் கட்டு அற்றுப்போகும் நோய் ஒன்றுண்டு. அந்நோயாளர்க்குத் தம் குருதிநீரே தம் செவ்வணுக்களை உடைத்துவிடும். சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகும். நீரும் சுவரும் ஒன்றையொன்று அடையாளம் கண்டு ஒத்து வாழ்வதாலேயே நாம் நலமாக இருக்கிறோம்.

உறவினர் குருதி உயர்ந்ததா?

எம் அலுவலகத் தோழர் ஒருவரின் மனைவிக்குப் பேறுகாலத்தில் இரண்டு பை குருதி வேண்டியிருந்தது. தோழர் திருப்பத்தூரிலிருந்த மைத்துனர் இருவரையும் இரவு வண்டியில் வரச் சொன்னார். அவர்கள் வந்து சேர்வதற்குள் குருதி மையத்தில் இருப்பிலிருந்த பைகள் இரண்டும் ஏற்றப்பட்டு, அம்மையார் கண்விழித்துத் தேறிவிட்டார். வந்த தமையன்மார் தங்கையைக் கண்டு மகிழ்ந்தனராயினும், "நாங்கள் இருக்க, எவர் இரத்தத்தையோ ஏற்றிவிட்டார்களே, மாப்பிள்ளை!" என்று மனம் நொந்தனர்.

அவர்கள் நொந்தது அன்பினால். ஆயினும் மருத்துவ உண்மை வேறு. தந்தை, தாய், உடன்பிறந்தார், மக்கள் ஆகிய நெருங்கிய உறவினரின் குருதியை அப்படியே ஏற்றுவதில் ஓர் இடர் உண்டு. அக்குருதியில் வெள்ளணுக்களும் சில கலந்திருக்கும். அயலார் வெள்ளணுவை உடல் அடையாளம் கண்டு அழித்துவிடும். உறவினரின் வெள்ளணுவோ சாயல் ஒத்திருப்பதால் சில வேளை கண்ணுக்குத் தப்பிவிடும். தப்பி உள்ளே தங்கிப் பெருகி, ஏற்றுக்கொண்டவர் உடலையே தாக்கும். இது மிக அரிதாக நிகழ்வதே. ஆனால் நிகழ்ந்தால் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. ஆகவே உறவினர் குருதியைத்தான் ஏற்ற வேண்டும் என்ற நிலை வந்தால், அதனைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி அவ்வெள்ளணுக்களைச் செயலிழக்கச் செய்த பின்னரே ஏற்றுவர். அவ்வாறே, இனியும் பிள்ளைப்பேற்றுக்குரிய வயதிலுள்ள மனைவிக்குக் கணவன் குருதியைக் கூடுமானவரை தவிர்ப்பர். கணவன் அணுவிலுள்ள குறிகளுக்கு மனைவி உடலில் எதிர்ப்பொருள் உண்டாகிவிட்டால், அது பின்னர் வயிற்றிலுள்ள குழந்தையின் செவ்வணுக்களைத் தாக்கக்கூடும்.

அரிய வகையினர்க்கு மட்டும் உடன்பிறந்தாரை முதலிற் சோதிப்பர். அங்கே வேறு வழி குறைவு. கோலார்ப் பெண்மணிக்கு அதுவும் உதவவில்லை என்பதைக் கண்டோம். பொதுவாக நம்மைப் போன்றோர்க்கு, வகையும் பொருத்தமும் பார்த்து வைத்த அயலார் குருதியே தக்கது.

அல்சூர் அன்பரின் வினாவுக்கு இதுவே விடை. ஊரில் பத்து உறவினர் இருப்பதாலேயே அங்கு நாம் காப்புடையோம் அல்லோம். இங்கு உறவினர் இல்லாமையாலேயே நாம் அனாதைகளும் அல்லோம். நாம் பார்சல் அலுவலகத்தில் ஒட்டும் சீட்டில் அனுப்புவோர் பெயரும் பெறுவோர் பெயரும் இருக்கும். குருதிப்பையின் சீட்டில் வகையும், எண்ணும், எடுத்த நாளும், கெடு நாளும், நோய்ச்சோதனைகளின் முடிவும் இருக்கும்; கொடுத்தவர் பெயர் இராது. அவர் கன்னடரோ, தெலுங்கரோ, உருது பேசுபவரோ, தமிழரோ, எவர்க்கும் தெரியாது. தோழரின் மனைவியைக் காத்த இரு பைகளும் அவ்வாறு வந்தவையே. இச்செய்தியை மருத்துவர் விளக்கிய பின்னர், தமையன்மார் இருவரும் அதே மையத்தில் குருதி கொடுத்துவிட்டே ஊர் திரும்பினர்.

நாம் செய்யத்தக்கவை

விலைக்குக் குருதி விற்போரை நம்பியிருந்த காலம் ஒன்றிருந்தது. உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பின் விளைவாக, 1998 ஜனவரி முதல் அவ்விற்பனை நாடெங்கும் தடை செய்யப்பட்டது. அதன்பின் மருத்துவமனைகளின் குளிர்ப்பெட்டி நிரம்புவது கொடையாளரால் மட்டுமே.

ஒருவர் கொடுப்பது ஒரு வேளைக்கு 350 அல்லது 450 மில்லி லிட்டர். அதனைச் சுழல் பொறியிலிட்டுக் கூறுகளாகப் பிரிக்கின்றனர். செவ்வணுக்கள் 2 முதல் 6 பாகை வெப்பத்தில் 42 நாள் வரை இருக்கும். அவை குருதிச் சோகைக்கும் பேறுகாலத்திற்கும் அறுவைக்கும் ஆகும். தட்டணுக்கள் 20 முதல் 24 பாகையில், அசைந்துகொண்டே, 5 நாள் மட்டுமே இருக்கும். மழைக்காலத்தில் டெங்குக் காய்ச்சல் பரவும்போது நம்மவர் அலைந்து தேடுவது இவற்றையே. எண்ணிக்கை குறைந்தது கண்டே பதறாமல், ஏற்ற வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவுக்கு விடுதல் நன்று. குருதிநீரை உறையவைத்து ஓராண்டு வரை பேணலாம். தீப்புண் பட்டவர்க்கும், உறைதல் குறைபாடு உடையவர்க்கும், கல்லீரல் நோயாளர்க்கும் அது உதவும். ஒருவர் கொடை இவ்வாறு மூவர்க்குப் பயன்படுகிறது.

18 முதல் 65 வயது வரை உள்ளோர், எடை 45 கிலோவுக்குக் குறையாமலும் ஹீமோகுளோபின் 12.5க்குக் குறையாமலும் இருப்பின், மருத்துவர் சோதனைக்குப் பின் கொடுக்கலாம். ஆடவர் 90 நாளுக்கு ஒரு முறையும், பெண்டிர் 120 நாளுக்கு ஒரு முறையும் கொடுக்கலாம். கொடுத்தால் உடல் தளர்ந்துபோகும் என்று நம் வீட்டு முதியோர் தடுப்பர். இழந்த குருதிநீர் ஓரிரு நாளில் மீளும். செவ்வணுக்கள் சில வாரங்களில் நிரம்பும் என்பதை அவர்களுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லுக. தாய்மார்கள் தம் ஹீமோகுளோபின் அளவைக் கட்டாயம் பார்த்துக்கொள்ள வேண்டும். குறைந்திருப்பின் கொடுப்பதை நிறுத்தி வைத்து முதலில் மருந்தும் உணவும் கொள்க.

இன்னொன்று. எவரேனும் ஒருவர்க்குக் குருதி பொருந்தவில்லை என்றோ அரிய வகை என்றோ மருத்துவர் எழுதிக் கொடுத்தால், அச்சீட்டைக் குடும்ப அட்டையோடு பத்திரப்படுத்துங்கள். உடன்பிறந்தாரையும் சோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மும்பையிலுள்ள தேசியக் குருதி நோய்த்தடுப்பியல் நிறுவனமும் இந்நகரத்து மையங்களும் அரிய வகையினரின் பட்டியலைப் பேணுகின்றன. அதிற் பெயர் பதிவு செய்து, வீடு மாறும்போதும் தொலைபேசி எண் மாறும்போதும் தெரிவியுங்கள். வாடகை வீட்டில் குடியிருந்து ஆண்டுக்கொரு முறை இடம் மாறும் நம் குடும்பங்களுக்கு இது மிகவும் தேவை. பட்டியலில் பெயர் இருந்தும் ஆளைக் கண்டுபிடிக்க இயலாவிடில் அப்பட்டியலால் யாது பயன்?

நம் சங்க உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் குருதிவகையை அறிந்து, வீட்டிலுள்ளோர் வகையையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம். இதுவரை கொடுக்காதவர் இவ்வாண்டில் ஒரு முறையேனும் கொடுப்பாராக. நமக்குத் தேவை வரும் நாளில் ஓடி வந்து கொடுக்க எவருமில்லையே என்று கலங்க வேண்டா. அந்நாளுக்கு வேண்டிய பையைக் கொடுத்துவிட்டு எவரோ ஒருவர் முன்னதாகவே தம் வேலைக்குப் போயிருப்பார். வேறொருவர்க்கு அந்த எவரோ ஒருவராக நாமும் இருத்தல் கடன்.

அடுத்த திங்கள் சிறுநீரகத்தைப் பற்றிக் காண்போம்.